அளறு: சேறாயிருந்து நரகமான சொல்

மும்பையில் மழைக்காலம் தொடங்கியதும் தாராவியின் குறுகலான சந்துகளில் கணுக்கால்வரை புதையும் சேற்றைக் கடந்துதான் நான் வேலைக்குச் செல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அப்போது என் மனத்தில் எழும் சொல் 'அளறு'. குழைசேறு என்பதே இதன் நேர்ப்பொருள். நரகம் என்னும் பொருள் அதன்மேல் ஏறியது.

நரகம், அதே பொருள்தரும் நிரயம் ஆகிய இரண்டும் வடமொழிவழி வந்தவை. நிரயம் நமக்குப் புதிதன்று. புறநானூற்றின் 5ஆம் பாட்டிலேயே 'நீங்கா நிரயம்' என்று வருகிறது. ஆயினும் திருக்குறள் அளற்றைக் கையாளும் விதமே என்னைப் பெரிதும் கவர்கிறது. 835ஆம் குறளில் பேதை தானே புகுந்து 'அழுந்தும் அளறு'. 919இல் கீழோர் 'ஆழும் அளறு'. அழுந்துவதும் ஆழ்வதும் சேற்றுக்கே உரிய வினைகள் என்பதால், உரையாசிரியர்கள் நரகம் என்று பொருள் கொண்ட இடங்களிலும் பழைய பொருளின் ஈரம் காயவில்லை என்றே கருதுகிறேன். புலால் மறுத்தலில், 255ஆம் குறளில், ஊன் உண்டவனை விழுங்கிய அளறு மீண்டும் வாய் திறக்காது என்கிறார் வள்ளுவர். காலைப் பற்றிய சேறு விட மறுப்பதை அறிந்தவருக்கு இந்த உவமை விளக்கமின்றியே புரியும்.

பொறாமையைப் பேசும்போது அவரே நரகத்தைத் 'தீயுழி' என்று நெருப்பாகவும் காட்டுகிறார். இருப்பினும், எரிப்பதைவிட மெல்ல உள்ளிழுப்பதே எனக்குக் கொடிதாகத் தோன்றுகிறது. அதனால், கொடுமையான இடத்தைக் குறிக்க 'நரகம்' என்று எழுதப் போகும்போதெல்லாம், அங்கே அளறு பொருந்துமா என்று ஒருமுறை நின்று பார்க்கிறேன்.