அதிகையில் அக்கா கேட்ட கேள்வி

சிறுநீரகக் கல் வலி வந்தவர்களுக்குத் தெரியும்: நின்றாலும் ஆகாது, படுத்தாலும் ஆகாது. போன தை மாதம் ஒரு நள்ளிரவில் குளியலறைத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தேன். ஊசி போட்டு வலி இறங்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் சொருகும் நேரம். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா ஏதோ முணுமுணுப்பது காதில் விழுந்தது. 'கூற்றாயின வாறு விலக்ககிலீர்...' அப்பர் என்கிற திருநாவுக்கரசர் வயிற்றுவலியோடு திருவதிகையில் பாடியது; சின்ன வயதில் எங்களுக்கு வயிற்றுவலி என்றால் அம்மா திருநீறு பூசிக்கொண்டே பாடும் பதிகம். எத்தனையோ தடவை கேட்டதுதான். அன்றைக்கு மட்டும் ஒரு வரி ஆளைப் பிடித்து உலுக்கியது.

'தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட.'

துடக்கி என்றால் கட்டி. முடக்கி என்றால் ஆளை மடக்கிச் சுருட்டி. அதற்கு முன்னால் ஒரு 'தோற்றாது' போட்டாரே, அங்கேதான் நான் விழுந்தேன். வெளியே ஒன்றும் தெரியாது. காயமில்லை, வீக்கமில்லை, பார்க்கிறவர்களுக்குக் காட்ட ஒன்றுமே கிடையாது. உள்ளே மட்டும் குடலைச் சேர்த்து யாரோ முடிச்சுப் போட்டு இழுக்கிறார்கள். பட்டவன் எழுதிய வரி என்று சத்தியம் செய்வேன்.

கல் விழுந்தால் இரண்டு பேரும் அதிகைக்கு வருவதாக அக்கா வேண்டிக்கொண்டிருக்கிறாள். கல் விழுந்தது. சித்திரையில் கிளம்பினோம்.

பண்ருட்டியில் இறங்கும்போதே பலாப்பழ வாசனை. அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான் திருவதிகை. கெடில ஆற்றில் மணலும் முள்செடியும்தான் இருந்தன. பதிகத்தின் கடைசிப் பாட்டில் 'ஆர்த்தார்புனல்' என்று அதன் தண்ணீர் ஆரவாரித்துக்கொண்டு ஓடுகிறது. சரி, அது ஏழாம் நூற்றாண்டு.

கோபுர வாசலில் வரிசையாக நாட்டியக் கரணச் சிற்பங்கள். நின்று பார்க்க ஆசைதான்; அக்கா விடவில்லை, சாமியைப் பார்த்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள் என்றாள். திரிபுரம் எரித்த தலம், சிவன் வீரம் காட்டிய எட்டு வீரட்டானங்களில் ஒன்று. உள்ளே பதினாறு பட்டையோடு பெரிய லிங்கம். கூட்டமில்லை. அக்கா கையடக்கப் புத்தகத்தை எடுத்து, ராகம் பார்க்காமல், காய்கறிக் கணக்குச் சொல்கிற மாதிரியான தன் குரலில் பதிகத்தைப் பாட ஆரம்பித்தாள். ஆறாவது பாட்டு வந்தது.

'சலம்பூவொடு தூபம் மறந்தறியேன், தமிழோடிசை பாடல் மறந்தறியேன், நலந்தீங்கிலும் உன்னை மறந்தறியேன், உன்நாமம் என்நாவில் மறந்தறியேன்.'

பத்துப் பாட்டையும் முடித்து, வெளியே பிராகாரத்துக்கு வந்ததும் கேட்டாள்: "ஏன்டா, இவர் அப்போதானே சமணத்திலிருந்து திரும்பி வர்றார்? இத்தனை வருஷம் எங்கே தண்ணியும் பூவும் போட்டாராம், மறந்ததே இல்லைன்னு சொல்றதுக்கு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாததுதான் காரணம். நாலாவது பாட்டில், முன்பு அறியாமையில் இருந்தேன், 'பின்னைஅடி யேன்உமக் காளும்பட்டேன்' என்று அவரே ஒத்துக்கொள்கிறார். ஐந்தாவதில், காத்தவர்களின் காவலை இகழ்ந்ததால், கரையில் நின்றவர்கள் ஆழமான குளத்தில் தள்ளிவிட, நிலைகொள்ள ஒரு துறை தெரியாமல் தவிக்கிறேன் என்கிறார். அதை அடுத்தே இந்த 'மறந்தறியேன்'. முற்பிறவியைச் சொல்கிறார், உள்மனதைச் சொல்கிறார் என்று எப்படி வேண்டுமானாலும் சமாதானம் சொல்லலாம். எனக்கு அவையெல்லாம் பரீட்சைக்கு எழுதுகிற பதில் மாதிரிதான் படும்.

யார் எழுதியது என்று தெரியாமல் படித்தால் இந்தப் பாட்டில் சிக்கலே இல்லை: நோயில் கிடக்கும் ஒரு பக்தர் தன் பூஜையை எண்ணிச் சொல்கிறார், அவ்வளவுதான். அப்பர் திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்தவர், தருமசேனர் என்ற பெயரில் சமணத்தில் உயர்ந்த இடத்தில் இருந்தவர், சூலை என்ற வயிற்றுவலி தாங்காமல் தன் அக்கா திலகவதியாரிடம் ஓடிவந்தவர் என்று தெரிந்த பிறகுதான் வரி இடறுகிறது. அந்தக் கதையைப் பெரியபுராணத்தில் நமக்கு விரிவாகச் சொன்ன சேக்கிழார் அவருக்குச் சுமார் ஐந்நூறு வருஷம் பிந்தியவர் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். நாவுக்கரசர் பாட்டை நாம் சேக்கிழார் பாட்டின் வழியாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்படி நினைத்துக்கொண்டே நடந்தபோதுதான் திலகவதியார் முன்னால் வந்து நின்றோம். அப்பருக்கும் அவர் அக்காவுக்கும் இங்கே இடம் உண்டு. அப்பா அம்மா போய், நிச்சயித்த கலிப்பகையாரும் போரில் இறந்தபின் உயிரை விடத் துணிந்தவர், 'தம்பியார் உளராக வேண்டும்' என்பதற்காக இருந்தார். அந்தத் தம்பியும் வேறு சமயம் தேடிப் போன பிறகு அதிகைக்கு வந்து கோயிலைக் கூட்டினார், மெழுகினார், பூத்தொடுத்தார். தம்பி வலியோடு வந்து காலில் விழுந்த பிறகு, இருட்டு பிரியும் முன்னே அவர் கோயிலுக்குப் புறப்படுவதைச் சேக்கிழார் சொல்லும் அழகைப் பாருங்கள்: 'திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும்' எடுத்துக்கொண்டு. துடைப்பம், சாணம், தண்ணீர்க்குடம். தம்பி பிழைத்து வந்த நாளிலும் அன்றைய வேலையை விடவில்லை அந்த அம்மாள். தம்பிக்குத் திருநீறு கொடுத்து, அவரையும் உடன் அழைத்துப் போகிறார்.

சலமும் பூவும் மறக்காமல் இருந்தது யார் என்று எனக்கு அங்கே தெரிந்த மாதிரி இருந்தது. தண்ணீர்க்குடத்தோடு முன்னால் நடந்து போனவரின் வாழ்க்கையைத் தம்பி தன் வாயால் சாமிக்குச் சொல்கிறார். உரையில் படித்ததாக நினைக்க வேண்டாம், என் எண்ணம்தான். பதிகத்தில் அக்காவைப் பற்றி ஒரு சொல்கூட வெளிப்படையாக இல்லை.

என் அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்படியும் இருக்கலாம்" என்று திலகவதியாருக்கு ஒரு முழம் பூவை வைத்துவிட்டு நடந்தாள்.

சாயங்காலம் கடலூர் போய்த் திருப்பாதிரிப்புலியூரில் நடை திறக்கக் காத்திருந்தோம். அப்பர் தருமசேனராகச் சமணரோடு இருந்த பாடலி இதுதான். பின்னாளில் கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது மிதந்து வந்து அவர் கரையேறியதும் இங்கேதான் என்கிறது புராணம். எந்த ஊரிலிருந்து இரவோடிரவாக வெளியேறினாரோ அதே ஊர். அங்கே நின்று பாடியது: 'ஈன்றாளு மாயெனக் கெந்தையு மாயுடன் தோன்றினராய்.' பெற்றோர் இருவரையும் சிறுவயதிலேயே இழந்தவர், வளர்த்தது அக்கா. இறைவனைத் தாய், தந்தை என்று பாடுவது எல்லோரும் செய்வதுதான். இவர் கையோடு உடன்பிறந்தாரையும் சேர்க்கிறார். பாட்டு 'தோன்றாத் துணையாய் இருந்தனன்' என்று முடிகிறது. அதிகையில் வலி தோற்றாது இருந்தது, இங்கே துணை தோன்றாமல் இருக்கிறது.

புத்தகத்தை அக்கா பக்கம் திருப்பி 'உடன் தோன்றினராய்' மேல் விரலை வைத்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள்.

"கூடப் பிறந்தவங்களைச் சொல்றாரா?"

"ஆமா."

"அது இருக்கட்டும். காலையிலிருந்து தண்ணி குடிச்சியா நீ? டாக்டர் மூணு லிட்டர்னு சொன்னாரில்ல" என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள்.