ஆற்றல் என்று கேட்டார்கள், மின்சாரம் என்று எழுதினேன்

ஐஏஎஸ் போன்ற பணிகளுக்கான யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வை (மெயின்ஸ்) தமிழில்தான் எழுதுவது என்ற பிடிவாதத்தோடு தில்லிக்கு வந்தவன் நான். கரோல் பாக் பக்கம் மூன்றாவது மாடியில் அறை. அறைத்தோழர் கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். வந்த இரண்டாவது மாதமே ஒரு பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வில் 15-க்கு 4 வாங்கினேன். 2022 மெயின்ஸின் பொது அறிவு மூன்றாம் தாளில் (ஜிஎஸ் 3) வந்த கேள்வியைத்தான் கொடுத்திருந்தார்கள். 2030-க்குள் இந்தியா தன் ஆற்றல் தேவையில் 50 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து பெற்றுவிடுமா? புதைபடிவ எரிபொருளுக்கான மானியத்தை இந்தப் பக்கம் திருப்பினால் அதற்கு எப்படி உதவும்?

பாரிஸ், கிளாஸ்கோ காலநிலை மாநாடுகள், 500 ஜிகாவாட் இலக்கு என்று ஆரம்பித்து, சர்வதேச சூரியசக்திக் கூட்டணியின் தலைமையகம் குருகிராமில் இருக்கிறது என்பது வரை கொட்டியிருந்தேன். திருத்தியவர் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'கேட்டது எனர்ஜி, நீங்கள் எழுதியது எலெக்ட்ரிசிட்டி.'

அன்று ராத்திரி சப்பாத்தி திரட்டிக்கொண்டே அண்ணன் கேட்டார்: "காலையிலேர்ந்து என்னெல்லாம் எரிச்சிருக்க, சொல்லு பாப்போம்." டீக்கு சிலிண்டர். வகுப்புக்குப் போன ஆட்டோ சிஎன்ஜி. வாங்கிவந்த காய்கறி டீசல் லாரியில் வந்தது. மின்சாரம் என்று பார்த்தால் ஃபேன், மொபைல், திரும்பி வந்த மெட்ரோ, அவ்வளவுதான். உலகக் கணக்கும் ஏறக்குறைய இதே கதை. மனிதர்கள் கடைசியாகப் பயன்படுத்தும் ஆற்றலில் மின்சாரத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். 2023-ல் உலக மின்சாரத்தில் புதுப்பிக்கத்தக்கவற்றின் பங்கு 30 சதவீதத்தைத் தொட்டது என்று படிக்கிறோமே, அந்த 30 இந்த ஐந்தில் ஒன்றுக்குள் அடக்கம். மீதியில் பெரும்பாலும் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, விறகு நேரடியாக எரிகின்றன. இதைப் பிரித்துச் சொல்லாமல் எத்தனை புள்ளிவிவரம் அடுக்கினாலும் மதிப்பெண் நகராது.

கேள்வியிலேயே வலை இருக்கிறது. கிளாஸ்கோவில் 2021-ல் பிரதமர் பேசியது ஆற்றல் தேவையில் பாதி. 2022 ஆகஸ்டில் ஐ.நா.வுக்கு எழுத்தில் கொடுத்தது மின் நிறுவு திறனில் (அமைத்து வைத்திருக்கும் மின் நிலையங்கள் தரக்கூடிய அதிகபட்ச அளவில்) பாதி, அதுவும் புதைபடிவம் அல்லாத மூலங்களிலிருந்து. அதாவது அணுமின்சாரமும் அந்தக் கணக்கில் சேரும். எழுத்தில் கொடுத்ததை 2025-ன் நடுவிலேயே எட்டிவிட்டோம், ஐந்து ஆண்டு முன்கூட்டியே. மேடையில் சொன்னது இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது. விடையின் முதல் இரண்டு வரியில் இந்த வித்தியாசத்தை வைத்தால் போதும், திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

நிறுவு திறனுக்கும் உற்பத்திக்கும் உள்ள வித்தியாசத்தைப் புத்தகத்தில் பலமுறை படித்திருக்கிறேன். மனதில் நின்றது அண்ணன் சொன்ன பிறகுதான். அவர்கள் வீட்டு மாடியில் நின்றால் வரிசையாகக் காற்றாலைகள் தெரியுமாம். ஆடியில் அம்மியும் பறக்கும் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பிய்த்துக்கொண்டு வரும். ஐப்பசியில் பாதி இறக்கைகள் சும்மா நிற்கும். திறன் அதேதான், யூனிட் இல்லை. சூரிய மின்சாரமும் இப்படித்தான். ஒரு மெகாவாட் தகடு ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் வர வேண்டும். ராத்திரி, மேகம், தூசி எல்லாம் போக ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 17.5 லட்சம் கிடைக்கும். அதனால்தான் நிறுவு திறனில் பாதியை எட்டிய நாட்டில், 2024-25-ல் ஓடிய யூனிட்டுகளில் முக்கால் பங்கை ஒட்டி நிலக்கரியிலிருந்தே வந்தது. இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே கையால் போட்டுப் பாருங்கள். அப்புறம் மறக்காது.

மானியப் பகுதியை எல்லோரும் பொத்தாம்பொதுவாக முடித்துவிடுகிறார்கள். நான் இரண்டே தகவல் வைத்துக்கொண்டேன். பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-லும் டீசலுடையது 2014-லும் போனது. நிலக்கரி மீதான செஸ் என்ற கூடுதல் வரி 2010-ல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கி 2016-ல் 400 ஆனது. சமையல் சிலிண்டர் மானியத்தை மட்டும் அதே வேகத்தில் வெட்ட முடியாது, வெட்டினால் விறகடுப்புதான் திரும்பி வரும் என்று ஒரு வரி சேர்த்தேன். அது என் சொந்தக் கருத்து. எனக்குப் பிடித்த வரியும் அதுதான்.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று. வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வரும். பதற்றத்தில் மனதுக்குள் மொழிபெயர்க்கும்போதுதான் சறுக்குகிறோம். என் பழைய விடையில் எனர்ஜி, பவர், கெபாசிட்டி மூன்றுக்கும் 'மின்சக்தி' என்றே எழுதியிருக்கிறேன், ஏழு இடத்தில்! இப்போது எனர்ஜிக்கு ஆற்றல், பவருக்குத் திறன், கெபாசிட்டிக்கு நிறுவு திறன், ஜெனரேஷனுக்கு உற்பத்தி என்று சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். பாடத்துக்கு ஒரு தாள் இப்படி ஒட்டுங்கள்.

படம் போடுவது பற்றிச் சுருக்கமாக: மதியம் உச்சிக்குப் போய் மாலையில் விழும் சூரிய உற்பத்திக் கோடு ஒன்று, மாலைக்குப் பின் ஏறும் தேவைக் கோடு ஒன்று. முப்பது வினாடி வேலை. தில்லிக் கோடையில் ராத்திரி பத்து மணிக்கு எங்கள் கட்டடத்தில் எல்லா ஏசியும் ஓட ஆரம்பிக்கும்போது அந்தப் படம் எனக்கு உயிரோடு தெரியும். நடுவில் உள்ள இடைவெளியில் 'சேமிப்பு' என்று எழுதி, பக்கத்தில் கடம்பாறை என்று போடுவேன். கோவை மாவட்டத்தில் 400 மெகாவாட். மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். எல்லோரும் பேட்டரி என்று எழுதும்போது இது தனித்துத் தெரியும். தில்லி மெட்ரோவுக்கு மத்தியப் பிரதேசத்தின் ரீவா சூரியப் பூங்காவிலிருந்து 2019 முதல் மின்சாரம் வருவதையும் எழுதலாம், ஆனால் ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

மூன்று மணி நேரத்தில் இருபது கேள்வி, சராசரி ஒன்பது நிமிடம். அதில் முதல் ஒரு நிமிடம் பேனாவைத் திறக்காமல், கேள்வியில் எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று அடிக்கோடு போடுவதற்கு மட்டும்.

அதே கேள்வியை மூன்று வாரம் கழித்து, அண்ணன் சொன்ன கணவாய்க் காற்றாலை உதாரணத்தோடு, திரும்ப எழுதிக் கொடுத்தேன். இந்த முறை 'பசுமையான எதிர்காலம்' என்று முடிக்காமல், 'மின்சாரத்தில் பாதி என்பது சாத்தியம்; ஆற்றலில் பாதி வேண்டுமென்றால் அடுப்பும் லாரியும் உருக்காலையும் முதலில் மின்சாரத்துக்கோ பசுமை ஹைட்ரஜனுக்கோ மாற வேண்டும், அது 2030-க்குள் நடக்காது' என்று நிறுத்தினேன். 7 போட்டிருந்தார்கள். அண்ணன் விடைத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "கணவாய்ன்னு எழுதுன, ஆரல்வாய்மொழின்னு பேரு போடலியே" என்று குறைபட்டார்.