இருக்கைகளுக்கு நடுவே ஒரு எஞ்சின்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில், ஒரு கார் நுழையும் அளவே அகலமுள்ள சந்தில், எட்டு மாதங்களாக ஒரு மஹிந்திரா எஃப்சி-150 பிக்கப்பைப் பிரித்தும் பூட்டியும் வருகிறேன். அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் உருவாக்கி, பின்னர் மஹிந்திரா இங்கே தயாரித்த வண்டி இது. சிஜே-5 ஜீப்பின் 81 அங்குல சக்கர இடைவெளியை வைத்துக்கொண்டே ஓட்டுநர் அறையை முன்னுக்குத் தள்ளியதால், பின்னால் சரக்கேற்றத் தாராளமான இடம் கிடைத்தது. அதற்காக அவதிப்படுபவர் மெக்கானிக்தான். எஞ்சின் இரு இருக்கைகளுக்கும் நடுவே மூடிக்குள் இருப்பதால், கார்புரேட்டரைத் தொடவே மண்டியிட வேண்டியிருக்கிறது.

இந்த 2.2 லிட்டர் எஞ்சினில் பெட்ரோல் கலவை நுழையும் வால்வுகள் மேல்மூடியான ஹெட்டிலும், புகை வெளியேறும் வால்வுகள் கீழே எஞ்சினின் உடலான பிளாக்கிலும் உள்ளன. ஹெட்டைக் கழற்றிய பிறகும் கீழ் வால்வுகளில் இரண்டு அசையவில்லை. மூன்று நாள் டீசலில் ஊறவைத்து, மரக்கட்டை கொடுத்து மெல்லத் தட்டிய பின்னரே இளகின.

துருவுக்குச் சலவை சோடாக் கரைசலும் பேட்டரி சார்ஜரும் போதும். துருப்பிடித்த பாகத்தில் நெகட்டிவ் கம்பியையும், பழைய இரும்புத் துண்டில் பாசிட்டிவ் கம்பியையும் மாட்ட வேண்டும். அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் நச்சுள்ள குரோமியம் கரைசலில் கலந்துவிடும். ஹைட்ரஜன் வெளிவருவதால் இவ்வேலையை மொட்டைமாடியில்தான் செய்கிறேன் (அம்மாவுக்குத் துணி காயப்போட இடமில்லை என்ற குறை உண்டு).

பாயிண்ட் செட் (தீப்பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாகம்) ஜே.சி. ரோட்டில் கிடைத்தது. "தம்பி, இடைவெளி அரை மில்லிமீட்டர், கண்ணளவு வேண்டாம்" என்றார் கடைக்காரப் பெரியவர். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை நாளைதான் வாங்க வேண்டும்.