சிவப்பு வட்டங்கள்

சாப்பாட்டு அறையில் அக்கா தன் வேலை அட்டவணையில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். சோறு ஆறிப்போய்க் கிடந்தது.

ஆர்.பி.என். (பதிவுபெற்ற நடைமுறைத் தாதி) ஆக இருப்பவர், ஆர்.என். (பதிவுபெற்ற தாதி) ஆகப் படிக்கப் போகிறார். வட்டமெல்லாம் விடமுடியாத இரவு வேலைகள்.

"வகுப்பை ஒன்லைனில பார்க்கலாம் பிள்ளை. கிளினிக்கலுக்கு, அந்த ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு, நேரிலதானே போகவேணும்?"

கனடாவின் ஒன்ராறியோவில் ஆர்.பி.என்.னுக்கு இரண்டு வருட டிப்ளோமா போதும். ஆர்.என்.னுக்கு 2005 முதல் பட்டம் கட்டாயம். ஆர்.பி.என்.கள் ஆர்.என். ஆவதற்கான பிரிட்ஜிங் படிப்பில் முன்பு படித்ததைக் கணக்கில் எடுப்பார்கள். ஆனாலும் கடைசியில் என்கிளெக்ஸ் என்ற ஆர்.என். உரிமச் சோதனை புதிதாக எழுதத்தான் வேண்டும்.

வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்று விளம்பரம் சொல்லும். சரி, இரவு வேலை முடித்து, காலை ஏழு மணிக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் நிற்பது யார்?

முழுநேரம் படித்தால் சீக்கிரம் முடியும், சம்பளம் போய்விடும். வீட்டுக்கடன் உள்ளவருக்குப் பகுதிநேரம்தான் சரி என்பேன். கட்டணத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது, கிளினிக்கல் எந்த நாள், எந்த ஊர் என்பதை.

அக்கா அதைக் கேட்டு மின்னஞ்சல் போட்டுவிட்டார். இப்போது வேறு கவலை, ஓசாப் என்ற மாகாண அரசின் மாணவர் பண உதவி பற்றி. மகளும் இந்த வருடம் பல்கலைக்கழகம் போகிறாள்.

"ஓசாப் ரெண்டு பேருக்கும் குடுப்பினமோ?"