சப்பாத்தியை நிறுத்தியாச்சு, நார்ச்சத்துக்கு என்ன வழி?

சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைப் புண்ணாக்கும் நோய்) என்று டாக்டர் சொன்னதும் நம் வீடுகளில் முதலில் வரும் பேச்சு, "நமக்கென்ன, இட்லி தோசை இருக்கே!" என்பதுதான். உண்மைதான், அரிசியில் குளூட்டன் இல்லை. ஆனால் நார்ச்சத்தும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையைப் பார்த்தால், 100 கிராம் முழுக்கோதுமை மாவில் 11 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. பச்சரிசியில் 3 கிராம்கூட இல்லை. ராத்திரிச் சப்பாத்தி இருந்த இடத்தில் வெறும் அரிசி தோசை வந்தால் மலச்சிக்கல் வரத்தானே செய்யும்?

அந்தக் குறையை ஈடுகட்டக் கேழ்வரகும் கம்பும் இருக்கின்றன. இரண்டிலும் 11 கிராம் அளவில் உண்டு. கேழ்வரகில் கால்சியமும் 360 மில்லிகிராமைத் தாண்டும். சீலியாக் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் குறைவது அதுவும் இரும்புச்சத்தும்தான். சாமை, வரகு வாங்கினால் மங்கலான நிறத்தில் இருப்பதைப் பாருங்கள். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் தவிட்டைத் தீட்டி எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கேழ்வரகு அடை ஓரம் வெடிக்கிறது, திருப்பினால் உடைகிறது என்பார்கள். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் அப்படித்தான் ஆகும். மாவை இழுத்துப் பிடிக்கக் குளூட்டன் இல்லாததால், மாவுச்சத்தைக் கொஞ்சம் வேகவைத்துத்தான் ஒட்டவைக்க வேண்டும். ஒரு கப் மாவில் உப்பு, வெங்காயம், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போட்டு, கொதிக்கும் தண்ணீரை முக்கால் கப் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக்காம்பால் கிளறுங்கள். பத்து நிமிடம் மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து வாழையிலையில் தட்டுங்கள். கூடவே நெல்லிக்காய்த் துவையல் இருந்தால் கீரையின் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும்.

சாயங்காலம் 40 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் அதிலேயே சுமார் 10 கிராம் நார்ச்சத்து. ஒரு கொய்யாவும் சேர்த்தால் நாளுக்குத் தேவையான 30 கிராமில் பாதிக்கு மேல் முடிந்தது. ஒரே நாளில் இவ்வளவுக்கும் தாவ வேண்டாம். குடல் இன்னும் புண்ணாக இருக்கும்போது வயிறு உப்பி வலிக்கும். சுண்டலை இரண்டு ஸ்பூனில் தொடங்கி, வாரா வாரம் கூட்டுங்கள். தண்ணீரும் அதற்கேற்பக் கூட வேண்டும்.

குளூட்டன் ஒளிந்திருக்கும் இடங்களில் முதலாவது பெருங்காய டப்பா. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். லேபிளைப் படித்து, அரிசி மாவு சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள். கேழ்வரகு சேமியா பாக்கெட்டிலும் கோதுமை இருக்கலாம். மால்ட் பானங்களில் பார்லி. எல்லாவற்றையும்விட மோசம் மாவு மில்: உங்களுக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்த அதே கல்லில்தான் உங்கள் கேழ்வரகும் விழும். வீட்டில் மிக்சியிலேயே அரைத்துச் சலியுங்கள், சல்லடையும் தனியாக இருக்கட்டும். சலித்த கப்பியைக் கொட்டாமல் கஞ்சிக்கு வையுங்கள், அதிலும் நார்ச்சத்து இருக்கிறது.