இன்ஜினை இறக்கும் முன் ஒரு சின்ன வால்வு

எங்கள் காரின் டேஷ்போர்டில் ஒரு நோட்டு இருக்கும். பெட்ரோல் போட்ட தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயில் எல்லாம் அதில் எழுதியிருக்கும். 2011-ல் இந்த 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டியை வாங்கியபோது அப்பா ஆரம்பித்து வைத்த பழக்கம். அவருக்குப் பிறகு வண்டியும் நோட்டும் என்னிடம் வந்தன.

போன ஆடியில் அந்த நோட்டைப் பார்த்துத்தான் பயந்தேன். 1,17,200-ல் ஆயில் மாற்றியிருக்கிறேன். அடுத்த ஆயிரம் கிலோமீட்டருக்குள் 700 மில்லி டாப் அப் செய்திருக்கிறேன். வண்டி நிற்கும் இடத்தில் தரையில் ஒரு சொட்டு இல்லை. இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவர் ஓரத்தில் மட்டும் லேசான கசிவு.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தார்கள். "ரிங் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கணும்" என்றார்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம் தேய்ந்துவிட்டதாம். 48,000 ரூபாய் மதிப்பீடு. சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று கம்ப்ரஷன்கூடப் பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு பெரியவர் ஷெட் வைத்திருக்கிறார். அவர் நேராக ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். அடியில் கருப்பாக ஆயில் தேங்கியிருந்தது.

"காத்து போற இடத்துக்கு ஆயில் எப்படித் தம்பி வரும்? பிசிவி வால்வு எப்ப மாத்துனீங்க?"

மாற்றியதே இல்லை. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இழுத்துவிடும் சின்ன வால்வு அது என்பதே எனக்குத் தெரியாது. அப்பாவின் நோட்டிலும் அந்த வார்த்தை இல்லை.

அப்புறம் வண்டியை நகர்த்தாமல் இன்ஜினை மட்டும் ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாய் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று மேலே தூக்கியது. "இது உள்ளே இழுக்கணும் தம்பி, ஊதக் கூடாது" என்றார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து இதைப் பற்றிப் படித்தேன். எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் இன்ஜினின் அடிப்பகுதியான கிரேங்க் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். ஒரு காலத்தில் அதை ஒரு குழாய் வழியாக ரோட்டிலேயே விட்டிருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தில் திணறியபோதுதான் இதற்கு வழி பிறந்தது. 1961 மாடலில் கலிஃபோர்னியாவில் விற்ற கார்களிலும், 1963-ல் அமெரிக்கா முழுவதும் இந்த வால்வு வந்தது. இன்ஜின், தனக்குள் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் உறிஞ்சும் சக்தியாலேயே அந்த வாயுவை இழுத்து மறுபடி எரித்துவிடும். எவ்வளவு இழுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது வால்வுக்குள் இருக்கும் ஸ்பிரிங். ஐடிலிங்கில் வழி குறுகும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் விரியும்.

அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். வாயு ஆயில் துளிகளையும் சேர்த்துக்கொண்டு, சுத்தமான காற்று வரவேண்டிய ஹோஸ் வழியாகத் திரும்பி ஏர் ஃபில்டருக்குப் போகும். அங்கிருந்து இன்ஜினுக்குள் போய் எரியும். சீல்கள் வழியாகவும் கசியும். திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் தொல்லைதான்: ஆயிலை அளவுக்கு மீறி உறிஞ்சும், ஐடிலிங் நடுங்கும்.

சென்னையில் வண்டி உதிரி பாகங்கள் விற்கும் ஜி.பி. ரோட்டில் வால்வு 310 ரூபாய், அது உட்காரும் ரப்பர் புஷ் 45 ரூபாய். கடைக்காரர் அதே அளவில் இன்னொன்றை 90 ரூபாய்க்கு எடுத்துக் காட்டினார். வேண்டாம் என்றேன். வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ஸ்பிரிங் ஒவ்வொரு இன்ஜினுக்கும் வேறு. பார்ட் நம்பர் பொருந்தாமல் வாங்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது நானே மாற்றினேன். ஹோஸ் சுலபமாக வந்தது. ரப்பர் புஷ்தான் சோதித்தது. பதினாலு வருடச் சூட்டில் பிளாஸ்டிக் போல இறுகி, ஸ்க்ரூ டிரைவர் பட்டதும் விளிம்பு உடைந்தது. ஒரு துண்டு டேப்பட் கவருக்குள் விழப் பார்த்தது. குறட்டால் பிடித்து மெல்ல எடுத்தேன். அந்த ஐந்து நிமிடம் மூச்சே விடவில்லை. நீங்கள் செய்தால் புஷ்ஷைத் திருகித் திருகி இளக்குங்கள், நெம்பாதீர்கள்.

பழைய வால்வைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். 'டிக் டிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. உள்ளே வண்டல் மெழுகு போல உறைந்திருந்தது. நான் தினமும் ஸ்டேஷனுக்கு நாலு கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். இன்ஜின் சரியாகச் சூடாகும் முன்பே நிறுத்திவிடுவதால் உள்ளே ஈரம் தங்கி ஆயிலோடு குழைகிறது. அப்பா ஓட்டியபோது வாராவாரம் திண்டிவனம் போய் வருவார், அது வண்டிக்கு நல்லதாக இருந்திருக்கிறது.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் துடைத்து, புது ஃபில்டர் போட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து காகிதத்தை வைத்தேன். வாயோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன்.

முதல் இரண்டு நாள் சைலன்சரில் லேசான நீலப் புகை வந்தது, மேனிஃபோல்டில் தங்கியிருந்த ஆயில்தான். அப்புறம் நின்றுவிட்டது. அடுத்த ஆயிரம் கிலோமீட்டருக்கு 220 மில்லி, அதற்கடுத்த ஆயிரத்துக்கு 180. முழுசாக நிற்கவில்லை, ரிங்கிலும் கொஞ்சம் தேய்மானம் இருக்கத்தான் செய்யும். அதற்காக இன்ஜினை இறக்க வேண்டியதில்லை என்றார் பெரியவர். டேப்பட் கவர் கேஸ்கட்டை மட்டும் அடுத்த ஆயில் சர்வீஸோடு மாற்றச் சொல்லியிருக்கிறார்.

அப்பாவின் நோட்டில் கடைசி வரிக்குக் கீழே எழுதிவிட்டேன்: 'பிசிவி வால்வு, ரப்பர் புஷ் புதுசு. 1,18,460 கி.மீ.'