வேட்டைப் பாடம்: டெக்சஸ் நாட்குறிப்பு

17 ஆகஸ்ட் 2024, சனி. ரவுண்ட் ராக்

மகனுக்கு 14 வயது. அவனுடைய சிநேகிதன் வீட்டில் நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறார்கள், இவனையும் அழைத்திருக்கிறார்கள். ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான். "நல்ல மனுஷங்கதானே, போயிட்டு வரட்டுமே" என்கிறார் இவர். எனக்குச் சம்மதம் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். அப்பாவின் சித்தப்பா, எனக்குச் சின்னத் தாத்தா, 1970இல் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன இடத்தில் குண்டடி பட்டு இறந்துபோனார். கூடப் போனவர் சுட்ட குண்டு. நான் பிறப்பதற்குப் பத்து வருடம் முந்திய கதை. யார் கேட்டாலும் அப்பத்தா ஒன்றைத்தான் சொல்லும்: "அவன் விதி அம்புட்டுத்தான்." அதற்கு மேல் கேட்டால் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடும். அப்பாவும் பேசியதில்லை. துப்பாக்கி என்ற சொல்லே எங்கள் வீட்டில் புழங்காது.

பையனைப் போகாதே என்று சொல்வதானாலும் எனக்கு அதைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். வெறும் பயத்தை வைத்துக்கொண்டு 14 வயதுப் பிள்ளையிடம் வாதாட முடியாது. இரவு உட்கார்ந்து படித்தேன். டெக்சஸில் 1971 செப்டம்பர் 2ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த யாரும் வேட்டையாட வேண்டுமென்றால் வேட்டைக் கல்விச் சான்றிதழ் வாங்க வேண்டும். 9 வயது ஆகியிருந்தால் சேரலாம். 17 நிரம்பியவர்கள், இப்போதைக்கு முடியாது என்றால், ஒரே ஒரு முறை ஒரு பருவத்துக்கு மட்டும் தள்ளிப்போட்டுக்கொள்ளலாம். அப்போதும் தனியாகப் போக முடியாது, சான்றிதழ் பெற்றவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

நானும் அவனும் சேர்ந்தே படித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

வகுப்பு கிடைப்பது இவ்வளவு கஷ்டம் என்று நினைக்கவில்லை. செப்டம்பர் 1 அன்று புறா வேட்டை தொடங்குகிறது. ஊரில் பாதிப் பேருக்கு அப்போதுதான் சான்றிதழ் ஞாபகம் வரும் போலிருக்கிறது. ஆஸ்டினைச் சுற்றி எல்லாம் நிரம்பிவிட்டது. தேடின அவசரத்தில் தனியார் தளம் ஒன்றில் பணம் கட்டிவிட்டேன். பிறகு பார்த்தால் அது வேறு மாநிலத்துப் பாடம். திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறையின் பக்கத்திலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். அங்கே எல்லா வகுப்பும் தேதிவாரியாக இருக்கிறது.

எனக்கு மட்டும் என்றால் வீட்டிலிருந்தே ஆன்லைனில் சில மணி நேரத்தில் முடித்துவிடலாம், 17 வயது ஆனவர்களுக்கு அந்த வசதி உண்டு. சின்னவர்கள் ஆசிரியர் முன்னால் போய் நிற்கத்தான் வேண்டும். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆயுதத்தைப் பற்றித் திரையில் படித்தால் போதாது, கையில் அதன் கனம் தெரிய வேண்டும். பர்னெட் பக்கம் ஒரு சிறிய ஊரில் தன்னார்வத் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் செப்டம்பர் 14 அன்று இரண்டு இடம் கிடைத்தது. ஆளுக்கு 15 டாலர்.

29 ஆகஸ்ட், வியாழன்

பாடப் புத்தகத்தைப் பையன் எனக்கு முன்னாலேயே முடித்துவிட்டான். சாப்பிடும்போது என்னைக் கேள்வி கேட்கிறான். "அம்மா, 12 கேஜ்னா என்ன, சொல்லுங்க?" ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அதுதான் 12 கேஜ் ஷாட்கன் குழலின் விட்டம். இருபது உருண்டையாக்கினால் 20 கேஜ். ஆகவே எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்.

1937ஆம் வருடத்துப் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் பற்றி இதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. வேட்டைத் துப்பாக்கி, தோட்டா எது விற்றாலும் 11 சதவீத வரி, அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்கும் இந்த வகுப்புகளுக்கும் போகிறது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதற்கும் முன்பிருந்தே இன்னொரு நாடு வேட்டைக்காரனின் காசை வைத்தே காட்டைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறது. எது சரி என்று எனக்குள் இன்னும் முடிவாகவில்லை. இரண்டு பக்கத்திலும் காட்டின்மேல் அக்கறை இருந்திருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

14 செப்டம்பர், சனி. இரவு

காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். கூடத்தில் இருபது பேர் இருக்கும். பாதி சிறுவர்கள். பேத்தியோடு ஒரு தாத்தா வந்திருந்தார். 1971க்கு முந்தியவர், அவருக்குச் சான்றிதழ் தேவையே இல்லை. ஆனாலும் நாள் முழுக்க உட்கார்ந்து குறிப்பெடுத்தார். ஆசிரியர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், சம்பளமில்லாமல் செய்கிறார். மேசையில் வரிசையாகத் துப்பாக்கிகள், எல்லாமே சுட முடியாதபடி மாற்றப்பட்டவை. அப்படியிருந்தும் ஒவ்வொன்றையும் எடுக்கும்போது திறந்து, கண்ணால் பார்த்து, விரலை விட்டுத் தடவி, காலி என்று உறுதி செய்துவிட்டுத்தான் பேசினார். நாள் முழுக்க ஒரு தடவைகூடத் தவறவில்லை.

நான்கு விதிகள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா போட்டதாகவே நினை. குழல்வாய் எங்கே பார்க்கிறது என்பது எப்போதும் உன் கவனத்தில் இருக்கட்டும். சுடப்போகும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். இலக்கு எது, அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று தெரியாமல் சுடாதே.

ஒரு காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. அறுத்தெடுத்த 12 கேஜ் குழல் ஒன்று வைத்திருந்தார். அதற்குள் மஞ்சள் நிறத்து 20 கேஜ் தோட்டா ஒன்றைப் போட்டார். வழுக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. பின்பக்கமிருந்து பார்த்தால் வெறும் இருட்டு, காலி என்றுதான் தோன்றும். அதன் பின்னால் சிவப்பு நிற 12 கேஜ் தோட்டாவைச் செருகினார். அதுவும் அம்சமாக உட்கார்ந்துவிட்டது. அந்த நிலையில் விசையை இழுத்தால் குழல் கைக்குப் பக்கத்திலேயே வெடித்துச் சிதறும். அதனால்தான் 20 கேஜ் தோட்டாவை மஞ்சளில் செய்கிறார்கள். சட்டைப் பையில் இரண்டு அளவையும் கலந்து வைக்காதே என்றார். பையன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் வெளியே வேலி தாண்டும் பயிற்சி. முள்கம்பி வேலி, நம் ஊரில் கொல்லைக்குப் போடுவது போலத்தான். தோட்டாவை எடுத்துவிட்டு, திறந்தபடியே துப்பாக்கியை வேலிக்கு அடியில் தரையோடு நகர்த்தி, குழல்வாய் நம்மையும் மற்றவரையும் பார்க்காதபடி வைத்துவிட்டு, தள்ளிப் போய்க் கம்பத்தை ஒட்டி ஏற வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு தாண்டித்தான் எத்தனையோ பேர் விழுந்து சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதல் தடவை என் குழல்வாய் என் மகன் நின்ற பக்கம் திரும்பிவிட்டது. ஆசிரியர் கோபிக்கவில்லை, "மறுபடியும்" என்றார். மூன்றாம் தடவை சரியாகச் செய்தேன். சுட முடியாத துப்பாக்கிதான், இருந்தும் எனக்கு உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது.

பரணில் ஏறுவதும் பாடத்தில் இருந்தது. ஹார்னஸ், அதாவது விழாமல் தாங்கும் பாதுகாப்பு வார், கட்டாமல் ஏறக்கூடாது, துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி அப்புறம்தான் மேலே இழுக்க வேண்டும். அடிபட்ட மானைத் தேடுவதற்குத் தனியாக ஒரு மணி நேரம். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், கருஞ்சிவப்பு என்றால் ஈரல், பச்சை கலந்து நாறினால் குடல், அப்படியானால் உடனே துரத்தாமல் பல மணி நேரம் விட்டுவிட வேண்டும். அடித்த உயிரைத் தேடாமல் விடுவதும் கறியை வீணாக்குவதும் இங்கே சட்டப்படி குற்றம். இதைக் கேட்டபோது எனக்கு மனது லேசானது. அடித்ததோடு வேட்டைக்காரன் வேலை முடிந்தது என்று யாரும் இங்கே சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசியில் திரையில் படங்கள். சுடலாமா, கூடாதா, கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். குன்றின் உச்சியில் வானத்துக்கு எதிரே கொம்பன் மான்: கூடாது, பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. ஒரு மானுக்குப் பின்னால் இன்னொன்று: கூடாது. பிறகு ஒரு புதர், அசைகிறது, பழுப்பாக ஏதோ ஒன்று. நாலைந்து சிறுவர்கள் கையைத் தூக்கிவிட்டார்கள். அடுத்த படத்தில் அதே இடம், கொஞ்சம் கிட்டத்திலிருந்து. பழுப்புக் கோட்டுப் போட்ட ஆள் ஒருவர் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

கூடத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. சத்தத்தைச் சுடாதே, அசைவைச் சுடாதே, நிறத்தைச் சுடாதே என்றார் ஆசிரியர். விடியலிலிருந்து மானுக்காகக் காத்திருக்கும் மனது புதரில் மானைத்தான் பார்க்கும், கொம்பைக்கூடத் தானே வரைந்துகொள்ளும். அதனால் துப்பாக்கியில் இருக்கும் தொலைநோக்கியால் தேடாதே, கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொள். முழு உருவமும் தெரியும் வரை துப்பாக்கியைத் தூக்கவே தூக்காதே.

இப்படிப்பட்ட விபத்துக்கு இவர்களிடம் தனிப் பெயரே இருக்கிறது: ஆளை விலங்கென்று நினைத்துச் சுட்டது. விபத்து அறிக்கைகளில் அதற்கென்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதை விதி என்றார்கள்.

எழுத்துத் தேர்வில் பையனுக்கு ஒரு தப்பு, எனக்கு மூன்று. இருவரும் தேறிவிட்டோம். திரும்பி வரும் வழியில் அவன் தூங்கிவிட்டான். நான் ரேடியோகூடப் போடவில்லை.

17 செப்டம்பர், செவ்வாய்

இந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும், மற்ற மாநிலங்களிலும் ஏற்றுக்கொள்வார்கள். இனி நான் உரிமம் எடுத்தால் பையன் கூடவே நிற்கலாம். நவம்பரில் நானும் வருகிறேன் என்று சிநேகிதனின் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சந்தோஷப்பட்டார்.

28 செப்டம்பர், சனி

ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும் வாங்கி வந்தேன். அரசு வேட்டை நிலங்களில் 400 சதுர அங்குலம் ஆரஞ்சு உடம்பில் தெரிய வேண்டும், அதில் நெஞ்சில் 144, முதுகில் 144, தலையிலும் ஆரஞ்சு இருக்க வேண்டும். நாங்கள் போவது தனியார் நிலம், அங்கே சட்டம் கேட்காது. நான் கேட்பேன்.

29 செப்டம்பர், ஞாயிறு

காலையில் அப்பாவுக்குப் போன் செய்தேன். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். வேலி, மஞ்சள் தோட்டா, புதர்ப் படம். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். லைன் போய்விட்டதோ என்று, "அப்பா?" என்றேன்.

"இருக்கேன் ஆத்தா."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். மாசி மாதப் பனி. சித்தப்பா கருப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கண்மாய்க் கரைப் புதரோரம் உட்கார்ந்திருந்தாராம். இடம் மாறி உட்கார்ந்தது மற்றவர்களுக்குத் தெரியாது.

"பேட்டரி லைட்டு நாந்தான் அடிச்சேன். எனக்குப் பதினெட்டு வயசு. கருப்பா அசைஞ்சுச்சு. பன்னி, பன்னின்னு கத்துனதும் நாந்தான்."

54 வருடம். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லையாம்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "யாருமே உங்களுக்குச் சொல்லித் தரலையேப்பா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தச் சட்டையெக் காட்டு" என்றார். வீடியோவைப் போட்டுப் பையனை ஆரஞ்சுச் சட்டையோடு நிற்க வைத்தேன்.

"இம்புட்டுப் பளிச்சுன்னு இருக்கே, மான் பாத்துராதா?"

"அதுக்கு இந்த நிறம் தெரியாது தாத்தா, மங்கலாத்தான் தெரியும். மனுஷங்களுக்குத்தான் பளிச்சுன்னு தெரியும்" என்றான் பையன்.

அப்பா திரைக்குக் கிட்டே வந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பச் சொல்லி முதுகையும் பார்த்தார்.

"என்ன வெல ஆத்தா?"

"பத்து டாலர்ப்பா. நம்ம காசுக்கு எண்ணூத்திச் சொச்சம் வரும்."

"அம்புட்டுத்தானா" என்றார்.